சோறு எந்த வழியாகப் போகட்டும்?

சென்னையிலிருந்து கேரளாவுக்குப் போகும் எல்லா ரயில்களும் கோவை ஜங்ஷனுக்குள் வருவதில்லை. இருகூரில் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதை பீளமேடு வழியாகக் கோவை ஜங்ஷனுக்குப் போய், அங்கிருந்து போத்தனூர் வருகிறது. இன்னொன்று நகருக்குள் போகாமல் நேராகப் போத்தனூரை எட்டிவிடுகிறது. இரண்டும் சேர்ந்த பிறகு பாலக்காடு நோக்கி ஒரே வழிதான். 1860-களில் சென்னையையும் மேற்குக் கரையையும் இணைத்துப் பாதை போட்டபோதே அது போத்தனூர் வழியாகத்தான் போனது. கோவை நகருக்குக் கிளைப் பாதை பின்னால் வந்தது. இன்றும் சில ரயில்கள் கோவையைத் தொடாமல் போவதில் ஊர்க்காரர்களுக்கு நெடுநாள் மனக்குறை உண்டு.

எடை குறைப்பு அறுவை சிகிச்சையில் ‘பைபாஸ்’ என்று சொல்வது ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை ஒன்றைத் தனியாகப் பிரிப்பார்கள். சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டி, அதன் கீழ்ப்பகுதியை மேலே கொண்டுவந்து அந்தப் பையோடு இணைப்பார்கள். சாப்பாடு இனி இருகூரிலிருந்து நேராகப் போத்தனூர் வரும் ரயில். பழைய இரைப்பையும் முன்சிறுகுடலும் கோவை ஜங்ஷன். அவை வயிற்றுக்குள்ளேயே இருக்கும். அமிலமும் பித்தநீரும் கணையநீரும் அந்தப் பக்கம் சுரந்துகொண்டேதான் இருக்கும். சாப்பாடு மட்டும் அங்கே வராது. அந்த நீர்கள் தங்கள் பாதையில் இறங்கிவந்து போத்தனூரில் சாப்பாட்டோடு கலக்கும்.

ஆனால் கோவையில் இறங்க வேண்டிய பயணிகளும் அதே ரயிலில்தான் வருகிறார்கள். இரும்பும் கால்சியமும் முன்சிறுகுடலில்தான் நன்றாக உறிஞ்சப்படுகின்றன. ரயில் அங்கே நிற்காததால் அவற்றில் பெரும்பகுதி இறங்காமலே போய்விடும். பைபாஸின் பலனும் அதன் விலையும் இந்த ஒரே ஏற்பாட்டிலிருந்து பிறக்கின்றன. பலனை மட்டும் எடுத்துக்கொண்டு விலையை விட்டுவிட முடியாது. மற்ற அறுவை சிகிச்சைகளுக்கும் இது பொருந்தும்.

ஒவ்வொன்றும் முந்தையதன் திருத்தம்

1954-ல் அமெரிக்காவில் கிரெமென், லின்னர் என்ற இருவர் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாண்டிச் சாப்பாடு போகும்படி இணைக்கும் முறையை வெளியிட்டார்கள். எடை மளமளவென்று இறங்கியது. கூடவே தீராத வயிற்றுப்போக்கும் சிறுநீரகக் கல்லும் ஈரல் செயலிழப்பும் வந்தன. இருபது முப்பது ஆண்டுகளில் அந்த முறை கைவிடப்பட்டது.

அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் வேறொன்றைக் கவனித்தார். குடற்புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பெண்களுக்கு எடை ஏறவே இல்லை. அதையே சிகிச்சையாக மாற்றி, சிக்காஷி இடோவுடன் சேர்ந்து 1966-ல் முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார். பித்தநீர் மேலே ஏறும் தொல்லை தெரிந்ததும், 1977-ல் கிரிஃபென் அதை ஆங்கில ‘ஒய்’ எழுத்து வடிவ இணைப்பாக மாற்றினார். அந்த இணைப்பை முன்பே வகுத்தவர் சுவிட்சர்லாந்தின் சீசர் ரூ என்பதால் அவர் பெயரே அதற்கு நின்றது. 1994-ல் விட்குரோவ் குழு அதை லேப்ராஸ்கோப்பியில், சின்னத் துளைகள் வழியாகவே செய்வது எப்படி என்று காட்டியது.

இரைப்பையைக் குழாய்போலச் சுருக்கும் ‘ஸ்லீவ்’ வந்த கதை வேறு. மிக அதிக எடையுள்ளவர்களுக்கு இரைப்பையைச் சுருக்கிக் குடலையும் திருப்பும் பெரிய அறுவை சிகிச்சையை ஒரே மூச்சில் செய்வது ஆபத்தாக இருந்தது. 2000-ஐ ஒட்டி நியூயார்க்கில் மிஷெல் கான்யே குழு அதை இரண்டாகப் பிரித்தது: முதலில் இரைப்பை, சில மாதம் கழித்துக் குடல். முதல் கட்டத்திலேயே பலருக்குப் போதுமான எடை குறைந்ததால் இரண்டாம் கட்டம் தேவைப்படவில்லை. அந்த முதல் கட்டம் தனிச் சிகிச்சையாகி, இன்று உலகிலும் இந்தியாவிலும் மிக அதிகமாகச் செய்யப்படுவதாக ஆகிவிட்டது. இதில் இரைப்பையின் வெளிவளைவைச் செங்குத்தாக வெட்டி, முக்கால் பங்குக்கு மேல் வெளியே எடுத்துவிடுவார்கள். 100 முதல் 150 மில்லி கொள்ளும் குறுகிய குழாய்தான் மிஞ்சும். குடலைத் தொடுவதில்லை. எடுத்த பகுதியைத் திரும்ப வைக்க வழியும் இல்லை.

மூன்றாவது, ‘மினி பைபாஸ்’. 1997-ல் ரட்லெட்ஜ் தொடங்கிய இந்த முறையில் நீளமான இரைப்பைப் பையும் குடலோடு ஒரே ஓர் இணைப்பும்தான். செய்யும் நேரம் குறைவு; எடையும் சர்க்கரையும் நன்றாகக் குறைகின்றன. இரண்டாவது இணைப்பு இல்லாததால் பித்தநீர் மேலே ஏறும் வாய்ப்பு திரும்ப வந்துவிட்டது. 2019-ல் பிரான்சிலிருந்து வெளிவந்த யோமேகா ஆய்வு, எடை குறைவதில் இது ‘ஒய்’ பைபாஸுக்குச் சளைத்ததில்லை, ஊட்டச்சத்துக் குறைபாட்டுச் சிக்கல் மட்டும் கூடுதல் என்று கண்டது.

இரைப்பையின் கழுத்தில் சிலிக்கோன் பட்டை மாட்டும் முறை ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. குடலின் மிகப் பெரும்பகுதியைத் தாண்டவைக்கும் டியோடினல் ஸ்விட்ச், எடை குறைப்பதிலும் சர்க்கரையை அடக்குவதிலும் எல்லாவற்றையும் விட வல்லது. சத்துக் குறைபாடும் அதே அளவுக்கு வல்லமையோடு வருவதால் மிகச் சிலருக்குத்தான் செய்கிறார்கள். எனவே நம் ஊரில் ஒருவர் முன்னால் இருக்கும் தேர்வு பெரும்பாலும் மூன்றுதான்: ஸ்லீவ், ‘ஒய்’ பைபாஸ், மினி பைபாஸ்.

பை சிறுத்ததால் மட்டும் அல்ல

இரைப்பை சிறிதாகிவிட்டது, அதனால் குறைவாகச் சாப்பிடுகிறார், இளைக்கிறார் என்பது பாதி விளக்கம். பசியோடு பட்டினி கிடந்து இளைத்தவருக்கு உடல் கூடுதலாகப் பசியைக் கிளப்பிப் பழைய எடைக்கே இழுக்கும். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு பலருக்குப் பசியே மந்தமாகிவிடுகிறது. 1999-ல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்த கிரெலின் என்ற பசி ஹார்மோன் முக்கியமாக இரைப்பையின் மேல்வளைவில் சுரக்கிறது. ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படுவது அந்தப் பகுதிதான். பைபாஸிலோ, அரைகுறையாகச் செரித்த உணவு குடலின் கீழ்ப்பகுதியை வேகமாக எட்டுவதால் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் பெருகுகின்றன. அவை மூளைக்கு ‘போதும்’ என்று சொல்கின்றன. கணையத்தை இன்சுலின் சுரக்கவும் தூண்டுகின்றன.

இதனால்தான் பைபாஸ் செய்தவர்களுக்கு எடை இறங்குமுன்பே, சில நாட்களில் சர்க்கரை அளவு சரியத் தொடங்குகிறது. 1995-ல் வால்டர் போரீஸ் இதை வெளியிட்டபோது சர்க்கரை நோய் மருத்துவர்கள் பலர் நம்பத் தயங்கினார்கள். இன்று செமாகுளுடைட், டிர்செபடைட் என்ற எடை குறைப்பு ஊசிகள் பிடித்திருப்பதும் இதே ஹார்மோன் வழியைத்தான். டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. அதன் உச்ச அளவில் 72 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் இவ்வகை ஊசிகளை நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. அறுவை சிகிச்சையா ஊசியா என்று யோசிப்பவர் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

நான்கு கிலோ வித்தியாசம்

‘எந்த ஆபரேஷன்ல எத்தன கிலோ கொறையுமுங்க?’ என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. பின்லாந்தில் 240 பேரை ஸ்லீவ், ‘ஒய்’ பைபாஸ் என்று இரு குழுவாகப் பிரித்து ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். கூடுதல் எடையில் ஸ்லீவ் குழுவுக்கு 49 சதவீதமும் பைபாஸ் குழுவுக்கு 57 சதவீதமும் குறைந்திருந்தது.

சதவீதத்தைக் கிலோவாக்கிப் பார்ப்போம். 160 செ.மீ. உயரமும் 110 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு பி.எம்.ஐ. என்ற உடல் நிறைக் குறியீடு 43. அவருடைய பி.எம்.ஐ. 25 ஆக இருக்க 64 கிலோ போதும். கூடுதல் எடை 46 கிலோ. அதில் 49 சதவீதம் சுமார் 22.5 கிலோ, 57 சதவீதம் சுமார் 26.2 கிலோ. இரண்டு அறுவை சிகிச்சைகளுக்கும் ஐந்தாம் ஆண்டில் வித்தியாசம் ஏறத்தாழ நான்கு கிலோதான். நூறு கிலோவைத் தாண்டியவருக்கு இந்த நான்கு கிலோ வாழ்க்கையைப் புரட்டிவிடாது. அதனால் கிலோவை வைத்துத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை வேறு: நெஞ்செரிச்சல், சர்க்கரை, இரத்தம், பழக்கவழக்கம்.

யாருக்கு எது?

முதலில் நெஞ்செரிச்சல். ஸ்லீவ் செய்த குறுகிய குழாயில் அழுத்தம் அதிகம். அமிலம் மேலே எதுக்களிக்கும். சுவிட்சர்லாந்தில் 217 பேரிடம் நடந்த ஆய்வில், ஏற்கெனவே எதுக்களிப்பு இருந்தவர்களில் ஸ்லீவுக்குப் பின் 32 சதவீதம் பேருக்கு அது மோசமானது. பைபாஸுக்குப் பின் 6 சதவீதம் பேருக்குத்தான். எதுக்களிப்போடு வந்து பைபாஸ் செய்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு அது நின்றேபோனது. இரவில் புளித்த ஏப்பத்தோடு எழுந்து உட்காருபவர், எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் புண்ணோ பெரிய உதரவிதானக் குடலிறக்கமோ தெரிந்தவர் ஸ்லீவுக்குத் தலையாட்டுமுன் இருமுறை யோசிக்க வேண்டும். மினி பைபாஸும் அவருக்கு உகந்ததில்லை.

அடுத்தது சர்க்கரை. க்ளீவ்லேண்ட் கிளினிக்கில் 150 பேரிடம் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.0 அல்லது அதற்குக் கீழ் வந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். ஆனால் ‘சர்க்கரையா, அப்படியானால் பைபாஸ்’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. 2017-ல் அலி அமினியான் குழு ஒரு மதிப்பெண் முறையை வகுத்தது. நோய் வந்து எத்தனை ஆண்டு, எத்தனை வகை மாத்திரை, இன்சுலின் உண்டா, எச்பிஏ1சி கட்டுக்குள் இருக்கிறதா என்ற நான்கையும் கூட்டிப் பார்ப்பது அது. நோய் இளசாக இருந்தால் இரண்டு சிகிச்சையுமே நன்றாக வேலை செய்கின்றன. நடுத்தரமாக இருந்தால் பைபாஸ் தெளிவாக முந்துகிறது. கணையம் ஓய்ந்துபோன முற்றிய நிலையில் இரண்டுமே பெரிதாகச் சாதிப்பதில்லை. அப்போது ஆபத்து குறைந்த ஸ்லீவ் போதும் என்பது அவர்கள் முடிவு.

சில நிலைமைகளை எண்ணிப் பார்க்கலாம். போத்தனூரில் ஓர் ஆசிரியை. சர்க்கரை வந்து ஐந்தாறு ஆண்டு, மூன்று மாத்திரை, இன்சுலின் இல்லை, நெஞ்செரிச்சல் உண்டு. அவருக்குப் பைபாஸ் பொருந்தும். சுந்தராபுரத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். பதினைந்து ஆண்டுச் சர்க்கரை, இன்சுலின், முட்டிவலிக்கு அன்றாடம் வலி மாத்திரை, விட முடியாத சிகரெட். பைபாஸ் இணைப்பில் புண் வருவதற்கு வலி மாத்திரையும் புகையும் முதல் இரண்டு காரணங்கள். அவருக்கு ஸ்லீவ் பாதுகாப்பானது. புகையை விட்டாக வேண்டும் என்பது அப்போதும் மாறாது. குறிச்சியில் முப்பது வயதுப் பெண். மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, ஏற்கெனவே சோகை, அடுத்து ஒரு குழந்தை வேண்டும் என்ற ஆசை. இரும்பை உறிஞ்சும் பாதையைத் தாண்டவைக்காத ஸ்லீவ் அவருக்கு ஏற்றது. எதைச் செய்துகொண்டாலும் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்.

குடிப்பழக்கத்தையும் மறைக்கக் கூடாது. பைபாஸுக்குப் பின் மது வேகமாக இரத்தத்தில் ஏறும். முன்பு இரண்டு கிளாஸில் வந்த போதை ஒன்றிலேயே வரும். பைபாஸ் செய்தவர்களிடம் இரண்டாம் ஆண்டிலிருந்து மது அடிமைத்தனம் கூடுவதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கோவை கேட்ட கேள்வி

பைபாஸில் ஒரு நெருடல் உண்டு. ஒதுக்கி வைத்த பழைய இரைப்பைக்குள் வழக்கமான எண்டோஸ்கோப் போக முடியாது. அங்கே பிற்காலத்தில் புண்ணோ புற்றுநோயோ வந்தால் எப்படிப் பார்ப்பது? இரைப்பைப் புற்றுநோய் அதிகமுள்ள ஜப்பான், கொரியா போன்ற நாடுகளில் இந்தக் கவலை பெரியது. தமிழ்நாட்டிலும் இதை ஒதுக்கிவிட முடியாது.

போத்தனூரிலிருந்து சில கிலோமீட்டரில், இராமநாதபுரத்தில் இருக்கிறது ஜெம் மருத்துவமனை. லேப்ராஸ்கோப்பியில் உலக அளவில் பெயர் பெற்ற டாக்டர் சி. பழனிவேலு நிறுவியது. அங்கே பிரவீன் ராஜும் பழனிவேலுவும் அடங்கிய குழு ஒரு மாற்றைச் சோதித்தது. இரைப்பையை ஸ்லீவாகச் சுருக்கி, அதன் வாசல் தசைக்குக் கீழே முன்சிறுகுடலை வெட்டி, சிறுகுடலை அங்கே இணைப்பது. முன்சிறுகுடலைச் சாப்பாடு தாண்டிப் போவதால் பைபாஸின் பலன் கிடைக்கும்; உள்ளே எட்டாத இரைப்பை என்று எதுவும் மிச்சம் இராது. வாசல் தசை அப்படியே இருப்பதால் உணவு குடலுக்குள் ஒரேயடியாகக் கொட்டாது. இதை ‘ஒய்’ பைபாஸோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வின் தொடக்க முடிவுகள் 2012-ல் ‘ஒபீசிடி சர்ஜரி’ இதழில் வந்தன. குறுகிய காலப் பலனில் இரண்டும் ஒன்றுக்கொன்று குறைந்தவையாக இல்லை. இந்த முறை எல்லா இடத்திலும் பரவவில்லை. தையல் நுணுக்கம் அதிகம் கேட்பது. ஆனால் மேற்கே செய்ததை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நம் வயிற்றுக்கு என்ன ஆகும் என்று யோசித்த கேள்வி அது.

எவ்வளவு எடை இருந்தால்?

இந்தியருக்கு ஏன் தனிக் கணக்கு? புனேயின் சி.எஸ். யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் தங்கள் உடலையே அளந்து 2004-ல் ‘லான்செட்’டில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். அதே எடையில் நமக்குக் கொழுப்பு கூடுதல், தசை குறைவு. சர்க்கரை நமக்கு முந்தி வருவதில் இதற்குப் பங்குண்டு. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2019-21-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேரின் பி.எம்.ஐ. 25-ஐத் தொட்டோ தாண்டியோ இருந்தது.

2022-ல் அமெரிக்க, சர்வதேச அறுவை சிகிச்சைச் சங்கங்கள் பொதுவாக 35 என்றும், சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 30 முதல் யோசிக்கலாம் என்றும், ஆசியருக்கு 27.5 முதலே வழங்கலாம் என்றும் வரம்பைத் தளர்த்தின. நம் நாட்டுக் காப்பீட்டு விதிகளோ இன்னும் பழைய எண்களிலேயே நிற்கின்றன: 18 வயது நிறைந்து, பி.எம்.ஐ. 40, அல்லது கடுமையான இணைநோயோடு 35. மருத்துவர் சரி என்பவருக்குக் காப்பீடு இல்லை என்று சொல்ல இடமிருக்கிறது. பாலிசியைப் படித்துவிட்டு நாள் குறிப்பது நல்லது.

ஆபத்து எவ்வளவு? 2009-ல் அமெரிக்காவில் 4,776 பேரைத் தொடர்ந்த ஆய்வில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். சுவீடனில் 1987-ல் தொடங்கிய நெடுங்கால ஆய்வோ, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் இறப்பு ஏறத்தாழ கால் பங்கு குறைந்ததைக் காட்டியது. ஆனால் இந்த எண்கள் பழகிய குழுவும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடங்களுக்கு உரியவை. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குப் போன இளைஞர் இறந்ததும், அரசு விசாரணை வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். எந்த முறை என்பதைப் போலவே எந்த இடம் என்பதும் பெரிய கேள்வி.

அதற்குப் பின்னான சாப்பாடு

நம் தட்டில் அரிசி அதிகம், புரதம் குறைவு. அறுவை சிகிச்சைக்குப் பின் அந்தத் தட்டு சரிவராது. நாளொன்றுக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். நாலு வாய்க்கு மேல் இறங்காத வயிற்றில் அது எளிதல்ல. ஒவ்வொரு வேளையும் புரதத்தை முதலில் சாப்பிட வேண்டும்: முட்டை, மீன், கோழி, சைவம் என்றால் பன்னீர், தயிர், பச்சைப்பயறு, கொள்ளு, தேவையானால் புரதப் பொடி. அரிசியும் பருப்பும் சாதத்தில் பருப்பு முந்த வேண்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடைவெளி விட்டுக் குடிக்க வேண்டும். பைபாஸ் செய்தவர் மைசூர்பா ஒரு துண்டு தின்றாலே படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரலாம். சர்க்கரை குடலுக்குள் ஒரேயடியாக இறங்குவதன் விளைவு அது. ஸ்லீவ் செய்தவரை இப்படித் தடுக்க எதுவும் பெரிதாக இல்லை. பேக்கரி பண்டமும் டீயுமாக நாள் முழுக்கக் கொறித்தால் எடை மெல்லத் திரும்பும்.

மாத்திரை ஆயுளுக்கும் உண்டு: மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, இரும்பு, கால்சியம். அமிலம் குறைந்த வயிற்றில் கால்சியம் சிட்ரேட்தான் நன்றாகச் சேரும். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கினால் வீண்; கால்சியத்தையும் அதையும் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது. விடாமல் வாந்தி வந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது: பி1 சத்து வற்றி மூளையைத் தாக்கும் ஆபத்து அதில் இருக்கிறது. வருடம் ஒருமுறையாவது இரத்தப் பரிசோதனை வேண்டும். ‘வேலை இருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று பரிசோதனையைத் தள்ளிப்போடும் வழக்கம் உள்ளவர் பைபாஸை, அதிலும் மினி பைபாஸைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஸ்லீவில் சத்துக் குறைவு இல்லாமல் இல்லை. ஆனால் அது தாமதத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்கும்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எண்டோஸ்கோப்பி பார்த்தீர்களா, அதில் என்ன தெரிந்தது? என் சர்க்கரையின் வயதுக்கும் கணையத்தின் நிலைக்கும் எது பொருந்தும்? என் இரும்பு, பி12 அளவு என்ன? இந்த மூன்று முறைகளையும் நீங்களே செய்கிறீர்களா, ஆண்டுக்கு எத்தனை? பத்து ஆண்டு கழித்து எடை திரும்பினாலோ எதுக்களிப்பு வந்தாலோ அடுத்து என்ன வழி? இவற்றுக்கு உங்கள் பரிசோதனை முடிவுகளை விரித்துவைத்துப் பதில் சொல்பவரிடம் உடம்பை ஒப்படைக்கலாம். வாசலில் நுழைகிற எல்லோருக்கும் ஒரே ஆபரேஷனைச் சொல்பவராக இருந்தால், தாளை மடித்துக்கொண்டு இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.